சீட்டு வந்தால் அனுப்புவதில்லை

எங்கள் பள்ளியில் சீட்டு வந்தால் பிள்ளை போகும். நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கிழித்த தாளில் ஒரு பெயர், ஒரு வகுப்பு, கீழே ஒரு கையெழுத்து. ஆயம்மா அதை வகுப்பு வாசலில் நீட்டுவார். பாடம் நடத்திக்கொண்டிருப்பவர் பெயரைப் படித்து, "எழுந்து போம்மா" என்பார். விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எதற்கு, எங்கே, எப்போது திரும்பும் என்று கேட்கும் வழக்கம் கிடையாது. கேட்டால் சக ஆசிரியரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும். பிள்ளைகளுக்கும் அது பெருமை. ஆண்டு விழாவுக்குத் தோரணம் ஒட்ட, நோட்டுகளைச் சுமக்க, பிளாஸ்க்கை எடுத்து வர என்று பெயர் வந்த பிள்ளை பெஞ்சைத் தாண்டிப் போகும்போது மற்றவை பொறாமையோடு பார்க்கும். "என் பொண்ணை எந்த மிஸ்ஸும் கூப்பிடறதே இல்லையே" என்று பெற்றோர் கூட்டத்தில் குறைப்பட்ட அம்மாக்கள் உண்டு.

விளையாட்டு ஆசிரியனும் பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைக்கச் சீட்டுதான் அனுப்பினான்.

அவன் கைதானான். விசாரணைக் குழு வந்தது, எல்லோரையும் கேட்டது, அறிக்கை கொடுத்தது. அந்த அறையில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அந்தப் பிள்ளைகளுடையது. அறிக்கையில் எங்களுடையது என்று ஒரு பத்தி இருந்தது. ஒவ்வொரு முறையும் பிள்ளையை அந்த அறைக்கு அனுப்பி வைத்தது வகுப்பில் இருந்த இன்னோர் ஆசிரியர் என்று அதில் எழுதியிருந்தார்கள். யாரும் சுவரேறிக் குதிக்கவில்லை. யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. சீட்டு வந்தது, நாங்கள் "போம்மா" என்றோம்.

அந்தப் பத்தியைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசவில்லை. கேமராவைப் பற்றிப் பேசினார்கள்.

கேமராக்கள் வந்தன. ஒவ்வொரு தாழ்வாரத்திலும் ஒன்று, படிக்கட்டில் ஒன்று. சுவர்களில் குழந்தை உதவி எண் எழுதினார்கள். ஊழியர் அனைவரும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று மறுபடி கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் கொடுத்தேன். கொடுக்கும்போது முதல்வரிடம் சொன்னேன், அந்த ஆளிடமும் இதே சான்று இருந்தது, சுத்தமான சான்று. கேமரா இருந்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்கும்? ஒரு பெண் குழந்தை தானே நடந்து போவது பதிவாகியிருக்கும். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாம் செய்யத்தானே மேடம் வேணும்?" என்றார். எல்லாம் செய்ய வேண்டும்தான். உள்தாழ்ப்பாள்களைக் கழற்றியது நல்ல வேலை. அறைக் கதவுகளில் கண்ணாடி பதித்தது அதைவிட நல்ல வேலை. ஆனால் கண்ணாடி வழியே பார்க்க ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

பிறகு ஒரு பயிலரங்கு. வெளியிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். கெட்டிக்காரப் பெண், பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். அரங்கம் நிறைய ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். "யாராவது தனியா கூப்பிட்டா என்ன சொல்வீங்க?" "நோ!" "சத்தமா?" "நோ!" கூரைத் தகடு அதிர்ந்தது. பள்ளி நிர்வாகச் செயலாளர் முன்வரிசையில் கைதட்டினார். ஃபோட்டோ எடுத்தார்கள்.

முடிந்ததும் பயிற்சியாளர் பொருள்களை அடுக்கினார். சான்றிதழ்க் கட்டைக் காரிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பையனைப் பார்த்துச் சாவியை நீட்டினார். "கண்ணா, கீழே பார்க்கிங்ல வெள்ளைக் கார். பின் சீட்ல ஒரு பை இருக்கும், ஓடிப்போய் எடுத்துட்டு வா." தொண்டை கட்டும் அளவுக்கு "நோ" என்று கத்திய அதே பையன் சாவியை வாங்கிக்கொண்டு ஒற்றையாக, சந்தோஷமாக, கீழ்த்தளத்துக்கு ஓடினான்.

நான் பின்னாலேயே போனேன். கீழே அவன் ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டியிருந்தான். "இப்பதானேடா நோ சொன்னே?" என்று கேட்டேன்.

"அது ப்ரோக்ராம்ல மிஸ்" என்றான்.

அன்று மெட்ரோவில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மெஜஸ்டிக் நிலையத்தில் மாற வேண்டிய வண்டியைத் தவறவிட்டேன். எனக்கு அது வழக்கமில்லை. பையன் மேல் தப்பில்லை. கெட்டவரிடம் மறுக்கச் சொல்லிக்கொடுத்தோம். அவனுக்குக் கெட்டவர் யாரும் வரவில்லை. சிரித்த முகத்தோடு ஒருவர் சாவி கொடுத்தார். நாங்கள் வருடம் முழுவதும் சொல்லிக்கொடுத்தது கீழ்ப்படிவதை. ஒரு மதியம் மட்டும் மறுப்பதை.

பாதுகாப்புக் குழுவில் மூத்த பெண் ஆசிரியர் என்று என்னைப் போட்டிருந்தார்கள். கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று போட்டார்கள் என்றே நினைக்கிறேன். முதல் கூட்டத்தில் நான் ஒரே ஒரு விதி கேட்டேன். வகுப்பு நேரத்தில் எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லி வெளியே அழைக்கக் கூடாது. வேலை இருந்தால் பிள்ளைகள் இரண்டு பேராகப் போக வேண்டும், இரண்டு பேராகத் திரும்ப வேண்டும். யார் அழைத்தாலும் பிள்ளை மறுக்கலாம், மறுத்ததற்குத் தண்டனை இல்லை. அறிக்கைக்கு ஏதாவது பதில் அனுப்பியாக வேண்டியிருந்ததால் விதி நிறைவேறியது. தட்டச்சாகி அறிவிப்புப் பலகையில் ஏறியது. யாரும் பின்பற்றுவதாக இல்லை. நான் மட்டும் பின்பற்றுவதாக இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண்ணின் அம்மா வந்தார்.

பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி என் வகுப்பு, ஏழாம் வகுப்பு. விசாரணை நடந்த நாள்களில் வீட்டில் இருந்தாள். வகுப்பில் யாருக்கும் தெரியாது. மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தோம். எனக்கும் முதல்வருக்கும் செயலாளருக்கும் மட்டும் தெரியும். நிர்வாகம் அந்த அம்மாவைக் கூப்பிட்டு மிக அன்பாக, வேறு பள்ளியில் புதிதாகத் தொடங்கினால் குழந்தைக்கு நல்லது, டி.சி. உடனே தருகிறோம், கட்டணத்தைக்கூடத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லியிருந்தது. அந்த அம்மாவுக்கு மர்பி டவுனில் வீடு, ஒரு மாலில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்து பள்ளி கேட்டில் எனக்காகக் காத்திருந்தார்.

"தப்பு பண்ணவன் உள்ள கீறான். எம்பொண்ணு இன்னாத்துக்கு மிஸ் ஸ்கூலை உட்டுப் போணும்? அவ ஃப்ரெண்டுங்க எல்லாம் இங்கதான். வூட்ல குந்திகினு யூனிஃபார்மை இஸ்திரி போட்டுப் போட்டு வெக்கிறா."

"வரட்டும்மா. அவ ஸ்கூல் இது."

"சும்னே சொல்லக்கூடாது மிஸ், நீங்க." கன்னடமும் தமிழும் அவர் வாயில் ஒன்றாகவே வரும்; சும்னே என்றால் சும்மா. "ஒண்ணே ஒண்ணு. கிளாஸ்ல குந்தினு இருக்கசொல்ல யாராச்சும் அவளைக் கூப்புடுவாங்களா? அந்தச் சீட்டு... கனவுல அதான் வருதாம். ஆளு வரலையாம். சீட்டுதான் வருதாம்."

அவருக்கு ஆறுதல் சொல்வது எளிது. நான் சொல்லவில்லை. "கூப்பிடுவாங்கம்மா. பழக்கம் போகல. ஆனா நான் அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"அப்போ திங்கக்கெழம வருவா" என்றார்.

அவள் வந்தாள். பக்கத்து பெஞ்சுக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்டாயா, பஜ்ஜி சாப்பிடலாமா, கண் இன்னும் மஞ்சளாக இருக்கிறதா என்று ஒருத்தி இமையையே பிரித்துப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டே விலக்கினாள். உட்கார்ந்த இடம் கதவுக்குப் பக்கத்தில். தானாகத் தேர்ந்தெடுத்தது.

நான் என் கணக்கு வகுப்பை ஒரு பயிற்சியோடு தொடங்க ஆரம்பித்தேன். ஒரு பிள்ளையைப் பார்த்து ஒரு வேலை சொல்வேன். அது மறுக்க வேண்டும். எளிது என்று நினைத்தேன். முதல் நாள் லீடர் பெண்ணிடம், "போய் ஆபீஸ்ல என் குடையை எடுத்துட்டு வா" என்றேன். அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"மறுக்கணும்."

"எப்படி மிஸ்? உங்ககிட்டயா?"

"என்கிட்டதான்."

"நீங்க நல்ல மிஸ் ஆச்சே!"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நல்ல மிஸ்கிட்டயும் சொல்லலாம். நல்ல மிஸ்ஸா இருந்தா கோவிச்சுக்க மாட்டா. கோவிச்சுக்கிட்டா அவ நல்ல மிஸ்ஸான்னு யோசிச்சுக்க வேண்டியதுதான்."

அவள் யோசித்தாள். நகத்தைக் கடித்தாள். "ஒத்தையா போக மாட்டேன் மிஸ்" என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில். மறுநாள் குரல் கொஞ்சம் ஏறியது. அந்த வாரக் கடைசியில் பின்பெஞ்சுப் பையன்கள் நான் கேட்பதற்கு முன்பே மறுத்தார்கள். ஹோம்வொர்க் கேட்டதற்கும் ஒருவன் "ஒத்தையா பண்ண மாட்டேன் மிஸ்" என்றான். அது வேறு, உட்கார் என்றேன்.

கதவோரத்துப் பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் சொல்லும்போது உதடு லேசாக அசையும். அவளை நான் கேட்கவும் இல்லை.

ஸ்டாஃப் ரூமில் புகார்கள் குவிந்தன. கன்னட ஆசிரியைதான் முதலில் ஆரம்பித்தார். என் பழைய தோழி, நன்றாகத் தமிழ் பேசுவார். "ஏனு மேடம் இது? என் பிளாஸ்க் மேஜை மேலயே ஆறிக் கெடக்குது. எடுத்துட்டு வாம்மான்னா, உங்க செவன்த் பொண்ணு, 'ரெண்டு பேரா போகலாமா மிஸ்'னு கேக்குது. ஒரு காபிக்கு மதுவே மெரவணிகெயா?" கல்யாண ஊர்வலமா என்கிறார்.

"பிளாஸ்க்கைக் கிளாசுக்கே எடுத்துட்டுப் போங்களேன்."

"இருபது வருஷமா பசங்கதான் எடுத்துட்டு வராங்க. அது ஒரு அன்பு."

"அன்புன்னா நீங்க ஒரு நாள் அவங்களுக்குக் காபி கொண்டு போங்க."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அறிவியல் ஆசிரியர் சிரிக்கவில்லை. "எங்க எல்லாரையும் அந்த ஆள் மாதிரி நினைக்கிறீங்களா மேடம்?" என்றார். நேர்மையான மனிதர், புண்பட்டுத்தான் கேட்டார்.

"இல்ல சார். அவனையும் நாம அப்படி நினைக்கல. அதுதான் பிரச்சனை" என்றேன். அடுத்த வாரம் அவர் ஆய்வகச் சாமான்களைத் தானே சுமந்து போனதைப் பார்த்தேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை. விசாரணைக் குழுவின் பரிந்துரைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று பார்க்க அதிகாரிகள் மறுநாள் வருவதாக இருந்தது. பள்ளி முழுவதும் வெள்ளையடித்த வாசனை. நான் விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆயம்மா வாசலில் நின்று ஒரு சீட்டை நீட்டினார்.

கதவோரத்துப் பெண்ணின் பெயர். 'என் அறைக்கு' என்று எழுதியிருந்தது. செயலாளரின் கையெழுத்து.

சீட்டை மடித்துப் புடவை மடிப்பில் செருகினேன். அவள் பக்கம் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தால் வகுப்பு பார்க்கும். மஞ்சள் காமாலைக் கதை அன்றோடு முடிந்துவிடும். ஆயம்மாவிடம் மெதுவாக, "அனுப்ப முடியாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஐயோ, செக்ரட்டரி சாரும்மா."

"தெரியும். படிச்சேன்."

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் செயலாளரே வந்தார். நான் தாழ்வாரத்துக்குப் போய் அவரை நிறுத்தினேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன், ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"மேடம், நாளைக்கு ஆபீசருங்க வராங்க. அந்தக் கொழந்தைகிட்ட ரெண்டு வார்த்தை ஆறுதலா பேசணும். இப்ப எல்லாம் சரியாயிருக்கு, பயமில்லன்னு அது வாயால சொல்லிட்டா நமக்கும் நல்லது, அதுக்கும் நல்லது."

"அவங்க அம்மாவைக் கூப்பிடுங்க சார். அவளுக்கு இஷ்டம்னா அம்மாவோட பேசலாம். உங்க ரூம்ல இல்ல."

"என்ன பேசறீங்க? என் பேத்தி வயசு அதுக்கு. இந்த ஸ்கூலுக்கு நான் கல்லு சுமந்திருக்கேன்."

"விதி உங்க வயசைக் கேக்கல சார். நீங்களே கையெழுத்துப் போட்டது. கீழே பலகையில இருக்கு."

"அது ஸ்டாஃபுக்கு!"

"பிள்ளைக்கு உங்க சீட்டும் அவன் சீட்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் இன்றும் சொல்லுவேன். அவர் முகம் சிவந்தது. என்னைச் சுற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை, அந்த அளவுக்காவது யோசித்தார். முன்பெஞ்சில் பேட்ஜ் குத்தியிருந்த லீடரைப் பார்த்து விரலை அசைத்தார். "நீ வாம்மா இங்க. ஒரு வேலை இருக்கு."

அவளை வெளியே அழைத்து, அவள் மூலமாக மற்றவளை வரவழைக்கலாம் என்ற யோசனை.

லீடர் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"ஒத்தையா வர மாட்டேன் சார்" என்றாள்.

"என்னது?"

"ஒத்தையா வர மாட்டேன். ரெண்டு பேரா வரலாமா? எங்கன்னு சொல்லணும். மிஸ்கிட்டயும் சொல்லணும்." பெஞ்சுத் தோழி கேட்காமலே எழுந்து அவள் பக்கத்தில் நின்றாள். பின்னாலிருந்து அந்த ஹோம்வொர்க் பையன், "நாங்களும் வரோம் சார், என்ன வேலை?" என்றான், உண்மையான ஆர்வத்தோடு. எப்படியும் விகிதத்திலிருந்து தப்பினால் போதும் அவனுக்கு.

செயலாளர் வகுப்பைப் பார்த்தார். அத்தனை முகங்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன, பயத்தோடும் அல்ல, திமிரோடும் அல்ல. பதிலுக்காகக் காத்திருந்தன. "நல்லா வளக்கறீங்க மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"நன்றி சார்" என்றேன். கேட்டிருக்க மாட்டார்.

மறுநாள் அதிகாரிகள் கேமராக்களையும் கதவுகளையும் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். கடைசியில் குழு உறுப்பினர் யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார்கள். முதல்வர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், நேற்று சீட்டு வந்ததைச் சொன்னேன். யாரிடமிருந்து என்றும் சொன்னேன். பேனாவை மூடி வைத்திருந்த மூத்த அதிகாரி அதை மறுபடி திறந்தார்.

அடுத்த வாரம் என்னைப் பாதுகாப்புக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், பணிச்சுமையைக் குறைப்பதற்காக என்று. அந்த இடத்தில் கன்னட ஆசிரியையைப் போட்டார்கள். சொன்னதைக் கேட்பவர் என்று நினைத்திருப்பார்கள். முதல் கூட்டம் முடிந்து வந்து என் எதிரில் பிளாஸ்க்கை வைத்தார், அவரே சுமந்து வந்தது. "அந்த ரூலை எடுத்துடலாம்னாங்க. பேடா, எடுக்க வேணாம், இருக்கட்டும்னுட்டேன். உங்களுக்காக இல்ல, தெரிஞ்சுக்கோங்க. உங்க லீடர் செக்ரட்டரிகிட்டயே 'ஒத்தையா வர மாட்டேன்'னு சொன்னது தெரிஞ்சப்போ என் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. அவ யார்கிட்டயும் எதையும் மாட்டேன்னு சொல்லிக் கேட்டதே இல்ல." மூடியில் காபி ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. விளக்கினேன். இன்னொன்று வந்தால் இன்னொரு தடவை விளக்குவேன். நான் இந்தப் பள்ளியை விட்டுப் போவதாக இல்லை.

தசரா விடுமுறை முடிந்து ஒரு காலை. பயிற்சி நேரம் முடிந்து பாடத்தில் இருந்தோம், வட்டங்கள். கரும்பலகைக்கான பெரிய மரக் காம்பஸ் பக்கத்து வகுப்பில் இருந்தது. அவசரத்தில், கதவோரத்தில் இருந்தவளைப் பார்த்து, "நீயும் லீடரும் போய் அந்தக் காம்பஸை வாங்கிட்டு வாங்க" என்றேன். விதிப்படிதான். இரண்டு பேர், பக்கத்து அறை, திறந்த கதவு.

லீடர் எழுந்துவிட்டாள். இவள் எழவில்லை.

"மாட்டேன் மிஸ்."

வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. லீடர் குனிந்து, "நானும் வரேன்டி, ரெண்டு பேர்தான்" என்று கிசுகிசுத்தாள்.

"அப்பவும் மாட்டேன்." என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை. சொல்லிக்கொடுத்த வாக்கியமும் இல்லை. "எனக்கு இங்கேயே இருக்கணும்."

"சரி" என்றேன்.

நானே போய் வாங்கி வந்தேன். திரும்பியபோது அவள் நோட்டைத் திறந்து, என் காம்பஸுக்குக் காத்திராமல், தன் சின்னக் காம்பஸால் வட்டத்தைப் போட்டு முடித்திருந்தாள்.